காகிதச் சுருள்தாங்கி: தோற்றமும் வளர்ச்சியும் (வாளையார் வட்டாரம் மட்டும்)

சமையலறையில் கை துடைக்கும் காகிதச் சுருளை நிறுத்தி வைக்க ஒரு பலகையும் அதன் நடுவில் ஒரு குச்சியும் போதும். இதை ஒப்புக்கொண்டால் ஆய்வு இந்த வரியோடு முடிந்துவிடும். எனவே ஒப்புக்கொள்வதற்கில்லை.

பலகை என்றால் எது, நடு எது என்று தீர்மானிப்பது யார், குச்சி எந்தக் கட்டத்தில் கோலாகிறது, 'போதும்' என்ற முடிவுக்கு எந்தத் தரவை வைத்து வந்தோம் ஆகிய வினாக்கள் தமிழ் ஆய்வுலகில் இதுவரை எழுப்பப்படவில்லை. யாருக்கும் தேவைப்படாததால் எழுப்பப்படவில்லை. இதற்கு 'ஆய்வு இடைவெளி' என்று பெயர். இடைவெளி கண்ட இடத்தில் ஓர் ஆய்வேட்டைச் செருகுவது நம் பல்கலைக்கழக மரபு.

ஆய்வு எல்லை

வாளையார், தமிழ்நாடு-கேரள எல்லை. இந்தப் பக்கம் சாவடி, எட்டிமடை. அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு. இதைவிடத் திட்டவட்டமான எல்லையை எந்த ஆய்வாளரும் வைத்துக்கொண்டதில்லை. நடுவில் போலீஸ்காரரே நிற்கிறார்.

மாவட்டத்தின் பரப்பளவு, மழையளவு, கால்நடைகளின் எண்ணிக்கை இவற்றை முதல் அறுபது பக்கத்துக்கு எழுதுவது வழக்கம். அவற்றை வேறு ஆய்வேடுகளில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். எழுதியவர்களும் வேறு ஆய்வேடுகளில்தான் பார்த்தார்கள். இங்கே நமக்கு வேண்டியவை எல்லை, காற்று, யானை. மூன்றும் சுருள்தாங்கியைப் பாதிக்கின்றன.

முன்னாய்வுகள்

பிலடெல்பியா நகரத்து ஸ்காட் காகித நிறுவனத்துக்கு 1907இல் ஒரு பெருஞ்சுருள் அளவுக்கு மீறித் தடித்து வந்து சேர்ந்ததாம். கழிப்பறைக்கு ஆகாத அந்தத் தாளைத் துண்டு துண்டாகக் கை துடைக்க விற்றார்கள் என்பது அவர்கள் வீட்டுப் புராணம். சமையலறைக்கென்று சுருளாக வந்தது 1931இல். சுருளை மாட்டும்போது தாள் முன்பக்கம் விழவேண்டுமா, சுவர்ப்பக்கம் விழவேண்டுமா என்று அமெரிக்கக் குடும்பங்களில் இன்னும் சண்டை நடக்கிறது. கழிப்பறைச் சுருளுக்கு செத் வீலர் 1891இல் வாங்கிய காப்புரிமைப் படத்தில் தாள் முன்பக்கம்தான் விழுகிறது. அதைக் காட்டியும் சண்டை ஓயவில்லை. சான்று கிடைத்ததும் ஓய்ந்துபோவதற்கு அவர்கள் என்ன ஆய்வாளர்கள் அல்லாதவர்களா?

நம் பக்கத்து முன்னாய்வு கரித்துணி. பழைய வேட்டியிலோ தலையணை உறையிலோ பிறந்து, பால் பாத்திரம் இறக்கி, திண்டு துடைத்து, கடைசியில் ஸ்கூட்டருக்குப் போய்ச் சேரும். அதற்குத் தாங்கி வேண்டியிருக்கவில்லை. போட்ட இடத்தில் கிடந்தது. (மாமியார், வாய்மொழி.)

சொல்லாராய்ச்சி

இந்த இயலைத் தொடங்கினால் சுருள்தாங்கி சங்க காலத்திலேயே இருந்தது என்றுதான் முடியும் என்பதால் தொடங்கவில்லை.

மரம்

தேக்கு என்றால் பாலக்காட்டுக்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பரம்பிக்குளத்தின் கன்னிமாரா தேக்கைக் கட்டிப் பிடிக்க ஐந்து பேர் கைகோக்க வேண்டும். நிலம்பூரில் ஆங்கிலேயர் 1840களில் வைத்த தோட்டத்து மரங்கள் இன்னும் நிற்கின்றன. இடுக்கிப் பக்கம் போனால் மறையூரில் சந்தனம். மூன்றிலுமே சுருள்தாங்கி செய்யலாம். ஆனால் முதலாவது விருது வாங்கிய மரம், இரண்டாவதைச் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிறார்கள், மூன்றாவதைத் தொட்டால் ஜெயில்.

எஞ்சியது பேக்கிங் பலகை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு இயந்திரம் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்துப் பழைய சாமான் கடையில் போடுவார்கள். வெளிர் மஞ்சள் பைன் மரம். ஆணி பிடுங்கிய ஓட்டையைச் சுற்றித் துரு கறுத்திருக்கும். இழைப்புளியின் முதல் தள்ளலில் மேல் அழுக்கு பொடியாக உதிரும். மூன்றாவது தள்ளலில் சீவல் ரிப்பனாக எழுந்து சுருண்டு கையில் விழும், பிசின் மணத்தோடு. அந்தச் சீவலிலேயே கையைத் துடைத்துக்கொள்ளலாமே என்று ஒரு வினா எழுந்தது. ஆய்வின் அடிப்படையையே தகர்ப்பதால் அந்த வினா நீக்கப்பட்டது.

பலகையில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்று இருந்தால் சூடு காட்டிப் பூச்சி கொன்ற மரம், எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. சமையலறைக்கு முன்னதைத்தான் எடுக்க வேண்டும். இது பயனுள்ள தகவல். நெறியாளர் கண்ணில் பட்டால் நீக்கச் சொல்வார்.

எல்லை கடக்கும்போது சுருள்தாங்கி மரமா, மரச்சாமானா, காகிதச் சாமானின் உதிரிபாகமா என்ற வகைப்பாட்டுச் சிக்கல் முன்பு இருந்திருக்கும். 2017இல் சரக்கு சேவை வரி வந்து, வாளையாரில் கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் நின்ற வணிகவரிச் சோதனைச்சாவடிக் காலம் முடிந்தது. ஒரு முழு இயல் அதோடு போயிற்று.

சிமெண்ட்வாதிகள்

டால்டா டப்பாவில் சிமெண்டை ஊற்றிக் குச்சியை நட்டால் தீர்ந்தது என்பவர்கள். மலபார் சிமெண்ட்ஸ் ஆலை 1984 முதல் வாளையாரில் ஓடுவதால் இக்கட்சிக்கு உள்ளூர்ச் செல்வாக்கு உண்டு. பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அடிப்பலகையின் யோனி

ஆய்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அவசரக்காரர்கள் பின்னிணைப்புக்குப் போய்விடலாம்.

கேரளத் தச்சு மரபில் ஒரு கோலுக்கு 24 விரல். கோல் இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். விரல் 3 சென்டிமீட்டர். வீடு கட்டும்போது அதன் சுற்றளவை விரலில் எடுத்து, மூன்றால் பெருக்கி, எட்டால் வகுத்து, மிச்சத்தைப் பார்ப்பார்கள். அந்த மிச்சத்துக்குத்தான் யோனி என்று பெயர். 16ஆம் நூற்றாண்டின் மனுஷ்யாலய சந்திரிகை வழிவந்த தச்சர்கள் இன்றும் போடும் கணக்கு. மிச்சம் ஒன்று என்றால் கொடி, இரண்டு புகை, மூன்று சிங்கம், நான்கு நாய், ஐந்து காளை, ஆறு கழுதை, ஏழு யானை, மிச்சமே இல்லையென்றால் காக்கை. ஒற்றைப்படை நல்லது, இரட்டைப்படை ஆகாது. காகிதச் சுருள்தாங்கிக்கு இந்த விதி பொருந்தும் என்று எந்த நூலும் சொல்லவில்லை. பொருந்தாது என்றும் சொல்லவில்லை. சொல்லாமையே சான்று; இந்த நெறியில் பலர் பதவி உயர்வு பெற்றிருக்கிறார்கள்.

முதலில் ஐந்து விரல் சதுரம், அதாவது 15 சென்டிமீட்டர், எடுத்துக்கொண்டேன். சுற்றளவு 20 விரல், மூன்றால் பெருக்க 60, எட்டால் வகுக்க மிச்சம் 4. நாய். சரி, பெரிதாக்குவோம் என்று ஆறு விரல். சுற்றளவு 24, பெருக்க 72, மிச்சம் இல்லை. காக்கை. ஏழு விரலுக்கு மறுபடி நாய், எட்டுக்கு மறுபடி காக்கை. முழு விரலில் சதுரம் போடும் வரை உலகம் முடியும் மட்டும் நாயும் காக்கையும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். நீள்சதுரமாக்கினால் புகையும் கழுதையும் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். முழு விரலில் எந்த நீள்சதுரமும் ஒற்றைப்படைக்கு வராது. வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். (மாமியார், வாய்மொழி: காக்கைக்குத் தினமும் சோறு வைக்கிற வீடாதலால் காக்கைக்கு மட்டும் விலக்கு உண்டு. நாய்க்கும் சோறு வைக்கிறோமே என்று கேட்டதற்கு விடை இல்லை. ஏடு இந்த இடத்தில் முறிந்திருக்கிறது.)

வட்டம் போட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 62.8, மிச்சம் 6.8. கழுதையைக் கடந்து யானையை எட்டாத ஏதோ ஒன்று. விட்டம் 18 என்றால் மிச்சம் அரைக்குக் கொஞ்சம் மேல். காக்கையிலிருந்து கொடிக்குப் போகும் வழியில் நடுரோட்டில் நிற்கிறது. அளவுகோலில் இருக்கிற எந்த எண்ணை விட்டமாக எடுத்தாலும் வட்டத்தின் சுற்றளவு முழு எண்ணாக வரவே வராது. வட்டமான சுருள்தாங்கி என்றைக்கும் இரண்டு விலங்குகளுக்கு நடுவில்தான் வாழ வேண்டும். கடைகளில் விற்பவை பெரும்பாலும் வட்டம் என்பதை நாட்டின் இன்றைய நிலையோடு பொருத்திப் பார்க்கும் பொறுப்பை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

இனி வரும் கண்டுபிடிப்புக்காகவே இந்தக் கட்டுரை. விரல் என்பது 3 சென்டிமீட்டர் என்றால், விரலில் உள்ள அளவை மூன்றால் பெருக்கும்போது கிடைப்பது என்ன? சென்டிமீட்டர்! யோனிக் கணக்கு முழுவதும், சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து எட்டால் வகுப்பதுதான். பிரான்சு 1795இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்த அளவை நம் தச்சர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதற்கு முன்பே பயன்படுத்தியிருக்கிறார். கருதுகோள்: முன்னோர் சென்டிமீட்டரை அறிந்திருந்தனர். முடிவு: முன்னோர் சென்டிமீட்டரை அறிந்திருந்தனர். இடையில் தரவு வர வேண்டிய இடத்தில் பெருமிதம் வைக்கப்பட்டுள்ளது. 1956இல் இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றியதற்குப் பிறகு யாரோ கணக்கு வசதிக்காகக் கோலை 72 என்று முழுதாக்கியிருக்கலாம், மூன்று வந்தது அதனால்தான் என்று சிலர் முணுமுணுப்பார்கள். அவர்கள் பெயர்கள் குறித்துக்கொள்ளப்படும்.

ஆக, சுற்றளவு 63 சென்டிமீட்டர் என்றால் யானை. பக்கம் 15.75. அழகான அளவு, நல்ல யோனி, திசை வடக்கு. ஆனால் வாளையாரில் வடக்கே காடு. பலா பழுக்கிற மாதத்தில் யானைக்குத் தனியாக அழைப்பிதழ் வேண்டாம். தமிழ்நாடு வனத்துறை 2024இல் மதுக்கரைப் பக்கம் ரயில் பாதையோரம் யானை வருகிறதா என்று பார்க்கச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களையே வைத்திருக்கிறது. அரசாங்கம் அத்தனை செலவு செய்து கவனித்துக்கொண்டிருக்கும்போது, அடுக்களைக்குள் யானை யோனியில் ஒரு பலகையை வைப்பது பொறுப்பான குடிமகனுக்கு அழகல்ல. சிங்கம் இந்தக் காட்டில் இல்லை. கொடி அரசியலாகிவிடும். எனவே காளை: சுற்றளவு 69, பக்கம் 17.25. இழைத்து முடித்த பிறகு உப்புத்தாளை ஆசைக்குத் தேய்க்கக் கூடாது. பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 68, காளை நாயாகிவிடும்.

இந்த அளவை ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் டேப்பை இழுத்தார். அது இஞ்சுப் பக்கம் இருந்தது.

"எத்தனைங்க?"

"பதினேழே கால் சென்டிமீட்டர். நாலு பக்கமும்."

"ஏழு இஞ்சு போட்டுக்கலாங்களா?"

ஏழு இஞ்சு என்றால் 17.78. சுற்றளவு 71.12. மிச்சம் 7.12. யானை, அதற்கு மேல் வால் கொஞ்சம்.

"அப்படிப் போட்டா யானை வருமே."

அவர் தலையைத் தூக்கி மலைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பென்சிலை எச்சில் தொட்டுக் கோடு போட்டார். "வந்தா வரட்டுமுங்க. அது இஞ்சு பாத்தா வருது?"

(ஆசாரி, வாய்மொழி, டீக்கு முன். டீக்குப் பின் கிடைத்த பாடத்தில் 'வந்தா வரட்டுமுங்க' என்பது 'அதெல்லாம் வராதுங்க' என்றிருக்கிறது. முந்தைய பாடமே மூலம் என்று கொள்வதற்கு டீக்கடைக்காரரின் சாட்சியம் துணைசெய்கிறது. தாம் இரண்டையுமே கேட்கவில்லை என்கிறார். சார்பற்ற சாட்சிக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?)

குச்சி

பழைய மாப்பின் கட்டை.

காற்று

மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் காற்று இதற்குள் புகுந்து, கோவை தாண்டி, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மார்கழி, தையில் எல்லாம் தலைகீழ். கிழக்கிலிருந்து வறண்ட காற்று கேரளத்துக்குள் போகிறது, உதட்டையும் குதிகாலையும் வெடிக்க வைத்துக்கொண்டே. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் 1990களில் இந்தத் திறப்பின் காற்றுக்காகவே ஒன்பது காற்றாலைகளை நட்டது. ஒவ்வொன்றும் 225 கிலோவாட். ஓ.வி. விஜயன் 1969இல் நூலாக வந்த 'கசாக்கின் இதிகாச'த்தில் இந்தக் காற்றைக் கரும்பனைகளின் மேல் வீசவிட்டார். சமையலறைக்குள் விடவில்லை. அங்கேதான் நம் பணி தொடங்குகிறது.

மேற்கு ஜன்னலோரம் நிற்கும் சுருளில் முதலில் தாளின் நுனி மட்டும் எழும். பிறகு துளைக்கோடு வரை ஒரு தாள் மடிந்து புரளும். அதன் கனம் அடுத்த தாளை இழுக்கும். அப்புறம் நடுக்குழல் கட்டையில் உரசி கிறுகிறுவென்று சுற்ற, கண் மூடித் திறப்பதற்குள் திண்டிலிருந்து தரை, தரையிலிருந்து சாமி அலமாரி வரை வெள்ளைக் கம்பளம் விரிந்துவிடும். காற்றாலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இதிலிருந்து மின்சாரம் வராது என்பது மட்டுமே.

தீர்வு சுருளின் சுழியில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது தாள் வலஞ்சுழியாக உரியும் சுருளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இடஞ்சுழியாக உரியும். எந்தச் சுழியில் வைத்தால் காற்று நுனியைத் தூக்காமல் சுருளோடு அழுத்துகிறதோ அதுவே அந்தப் பருவத்தின் சுழி. பருவத்துக்கு ஒருமுறை கவிழ்க்க வேண்டும்: ஆனியில் மேல்காற்று பிடித்ததும் ஒருமுறை, கார்த்திகை கழிந்து கீழ்காற்று திரும்பியதும் ஒருமுறை. இவ்விரு நாட்களுக்கும் உள்ளூர் விடுமுறை கோரலாம். இதை விரிவாக விளக்கிக்கொண்டிருந்தபோது, "ஜன்னலைச் சாத்துனா ஆகாதுங்களா மாப்பிள்ளை?" என்றொரு மாற்றுக்கருத்து எழுந்தது. (மாமியார், அடுப்பங்கரை உரைகள், மிளகாய் வறுத்த பருவம், இரண்டாம் இருமலுக்கும் மூன்றாம் இருமலுக்கும் நடுவே. 'மாப்பிள்ளை' என்பதை அடுத்து வந்த சொல் புகையில் சிதைந்துள்ளது. 'பாவம்' என்று ஒரு பாடமும் 'கிறுக்கு' என்று ஒரு பாடமும் வழங்குகின்றன. முதற்பாடத்தை நான் ஏற்கிறேன், இரண்டாம் பாடத்தை மனைவி ஏற்கிறாள். பதிப்பாசிரியர் குழுவில் நாங்கள் இருவர் மட்டுமே இருப்பதால் விவகாரம் நிலுவையில் உள்ளது. இருமலையும் உரையின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்போர் மூன்றாம் பாடம் ஒன்றைக் காட்டுவர். அதை அச்சிட இயலாது.)

மேற்கோள் நெறி

மேலே உள்ள ஆதாரங்கள் போதாது என்று நினைப்பவர்களுக்கு: யோனி பற்றிய இயல் காற்று பற்றிய இயலை ஆதாரமாகக் கொண்டது, காற்று பற்றிய இயலுக்கு ஆதாரம் யோனி பற்றிய இயல். இரண்டையும் இனி எழுதப்போகும் நூலில் எடுத்தாள்வேன். அந்நூலை இந்தக் கட்டுரையின் மறுபதிப்பு மேற்கோள் காட்டும். இதைக் குறையாக நினைக்கத் தேவையில்லை. நம்மூரில் பன்னாட்டுக் கருத்தரங்கம் என்றால் கட்டணம் கட்டிய கையோடு கட்டுரையைப் படிக்காமலே தொகுப்பில் சேர்த்து, அட்டையில் ஐஎஸ்பிஎன் எண் போட்டு, பை, பேனா, மதியச் சாப்பாடு, சான்றிதழ் சகிதம் அனுப்பி வைக்கிறார்கள். படிக்காமலே என்பது எழுதியவருக்கும் சேர்த்துத்தான். பன்னாடு எங்கே என்று கேட்டால், இலங்கையிலிருந்து ஒருவர் வாழ்த்துச் செய்தி அனுப்பியிருப்பார். சுருள்தாங்கியாவது சுருளைத் தாங்குகிறது.

மேலாய்வுக்கான களங்கள்

சுருள் தீர்ந்த பின் எஞ்சும் அட்டைக்குழலைக் குழந்தைகள் தொலைநோக்கியாகப் பயன்படுத்தும்போது மாறும் யோனி. சுருள் தீர்ந்ததும் புதுச் சுருள் மாட்ட வேண்டியவர் யார் என்பது. இதில் களஆய்வு ஆபத்தானது.

பின்னிணைப்பு: செய்முறை

முக்கால் இஞ்சு கனப் பலகையை ஏழு இஞ்சுச் சதுரமாக அறுக்கவும். மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தால் வெட்டிக்கொள்ளும் இடமே நடு. அங்கே குச்சியின் கனத்துக்கு டிரில்லில் அரை இஞ்சு ஆழம் ஓட்டை போடவும்; முழுக்கப் போய்விடக் கூடாது. குச்சி ஒரு இஞ்சுக் கனத்துக்கு மேல் வேண்டாம், சுருளின் நடுக்குழல் சும்மா சுழல வேண்டும். உயரம் சுருளைவிட இரண்டு இஞ்சு கூட இருந்தால் பிடித்துத் தூக்க வசதி. ஓட்டையில் பெவிகால் விட்டுக் குச்சியை இறக்கி, மூலைமட்டத்தை ஒட்டி நிறுத்தி நேர் பார்த்து, அடியிலிருந்து ஒரு ஸ்குரூ முடுக்கவும். ஒரு ராத்திரி காய விட்டு, முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு நைசு. ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசினால் ஈரம் சட்டென்று ஏறாது. பூசிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போட வேண்டும், சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். பலகை லேசாக இருந்தால் தாளை இழுக்கும்போது தாங்கியும் கூடவே வரும். அதற்கு அடியில் நாலு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும். வலக்கால் செருப்பா இடக்கால் செருப்பா என்பதற்கு நூலாதாரம் இல்லை. ஆசாரி கைக்குக் கிடைத்ததை வெட்டினார்.